கப்பலேறிய துப்பாக்கிகள்

வட அமெரிக்காவின் வடபாகத்தில் ஹட்சன் விரிகுடா என்னும் பரந்த கடற்பரப்பு ஒன்று உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் அதன் நீர் உறைந்து கிடக்கும். 1670ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சாள்ஸிடம் பட்டயம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பனியார் அக்கடலின் கரையோரத்தில் வாணிக நிலையங்களை அமைத்தனர். கிறீ முதலிய பழங்குடி மக்கள் பீவர் என்னும் விலங்கின் தோலைக் கொண்டுவந்து கொடுத்தனர். கம்பனியார் அதற்கு ஈடாகத் துப்பாக்கி, வெடிமருந்து, செம்புக்கிடாரம், கம்பளி ஆகியவற்றைக் கொடுத்தனர். இலண்டனிலிருந்து கப்பல் வருவதோ ஆண்டுக்கு ஒரு முறை. பனிக்கட்டி உடையும் கோடையின் கடைக்கூறில் வந்து, பண்டங்களை இறக்கித் தோல்களை ஏற்றிக்கொண்டு, கடல் மீண்டும் உறைவதற்கு முன்னர் அக்கப்பல் விரைந்து திரும்பிவிடும்.

அத்தகைய நாட்டில் ஒரு வேடன் கையிலிருக்கும் துப்பாக்கி பழுதடைந்தால் அவன் நிலை யாது? கடுங்குளிரில் இரும்பும் உருக்கும் எளிதில் முறியும். முறிந்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவன் பல நாள் நடந்தும், ஓடம் செலுத்தியும் கம்பனி நிலையத்தை அடைதல் வேண்டும். அங்குத் துப்பாக்கிக் கொல்லன் ஒருவன் இருந்து, அவனிடம் தகுந்த கருவிகளும் இருந்தால் நன்று. அவனாலும் இயலாத பழுதாயின், அத்துப்பாக்கி அடுத்து வரும் கப்பலில் ஏறி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து இலண்டனுக்குச் செல்லும். திருத்தப்பட்டாலும் அதற்கடுத்த கோடையிலன்றி அது திரும்பிவர வழியில்லை. இதற்கிடையில் ஒரு முழுக் குளிர்காலம் கழிய வேண்டும். வேட்டையே உணவாக வாழும் குடும்பத்துக்கு அக்குளிர்காலம் எவ்வாறு கழியும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

துவிச்சக்கரவண்டியின் உறுப்பு ஒன்று தேய்ந்தால் கடைக்குச் சென்று அதே அளவான வேறோர் உறுப்பை வாங்கிப் பூட்டிக்கொள்ளப் பழகியவர்க்கு இங்கே ஓர் ஐயம் எழும். முறிந்தது விரலளவான ஒரு வில்தானே. அதற்காக முழுத் துப்பாக்கியும் ஏன் கடல் கடத்தல் வேண்டும்? இலண்டனிலிருந்து நூறு விற்களைப் பெட்டியில் இட்டு அனுப்பிவைத்தால் போதாதா? போதாது. ஏன் போதாது என்பதை அறிய வேண்டுமாயின், அக்காலத்துத் துப்பாக்கி எவ்வாறு செய்யப்பட்டது என்பதைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

துப்பாக்கி என்றும், யாழ்ப்பாணத்திலே துவக்கு என்றும் வழங்கும் இப்பொருள் மூன்று பெரும் பாகங்களை உடையது. குண்டு செல்லும் இரும்புக் குழல் ஒன்று. தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக்கட்டை ஒன்று. மூன்றாவது, நெருப்பை உண்டாக்கும் பொறி. இதனை ஆங்கிலேயர் பூட்டு என்றே அழைத்தனர். கதவுப் பூட்டைப் போலவே ஒரு தகட்டின் உட்புறத்தில் வில்லும் பற்களும் ஒன்றையொன்று பற்றி நிற்பதால் அப்பெயர் பொருத்தமானதே. 18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கியின் குதிரை, தன் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். குதிரையைப் பின்னே இழுத்து நிறுத்தினால் உள்ளேயிருக்கும் வலிய வில் மடங்கி நிற்கும். விசையை அழுத்தியதும் பற்று விடுபட, வில் நிமிர, குதிரை முன்னே பாய்ந்து எதிரேயுள்ள உருக்குத் தகட்டில் கல்லை மோதும். பொறி பறந்து கிண்ணத்திலுள்ள மருந்தில் விழும். அந்நெருப்பு ஒரு சிறு துளை வழியே குழலினுள் நுழைந்து வெடிமருந்தைக் கொளுத்தும். இவையனைத்தும் இமைப்பொழுதில் நிகழ வேண்டும். ஏதேனும் ஓர் உறுப்பு மயிரிழை பிசகினாலும் துப்பாக்கி வெடியாது, அல்லது வெடிக்கக்கூடாத வேளையில் வெடித்துவிடும்.

இத்தகைய பூட்டில் ஏறக்குறைய இருபது உறுப்புகள் இருந்தன. கொல்லன் அவற்றை உலையில் காய்ச்சி அடித்து உருவாக்கிய பின்னர், அரத்தினால் அராவி ஒன்றோடொன்று பொருத்துவான். ஒரு பல்லை அராவிப் பொருத்திப் பார்ப்பான். இறுகினால் மீண்டும் அராவுவான். கண்ணும் கையுமே அவனுக்கு அளவுகோல். எல்லாம் பொருந்திய பின்னரே உறுப்புகளைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவான். கடினமான பின் அரம் அதிற் செல்லாது. ஆகவே ஒரு பூட்டின் உறுப்புகள் ஒரு குடும்பத்தைப் போன்றவை. ஒரே பட்டறையில், ஒரே கொல்லன் ஒரே நாளிற் செய்த இரண்டு பூட்டுகளாயினும், ஒன்றின் உறுப்பு மற்றதிற் சேராது. வேலை நடக்கும்போது உறுப்புகள் கலந்துவிடாதிருக்கும் பொருட்டுக் கோடும் புள்ளியும் எண்ணும் இட்டு வைப்பது அவர்களது வழக்கம். பழைய துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்ப்போர் இக்குறிகளை இன்றும் காணலாம். முறிந்த வில்லுக்குப் பதில் வில் வேண்டுமாயின், முழுப் பூட்டையும் கொல்லன் தன் பிடியிராவியில் வைத்துக்கொண்டுதான் அதனைச் செய்ய முடியும். கொல்லன் வர இயலாவிட்டால் துப்பாக்கி போக வேண்டும்.

இலங்கையிலும் இதுவே நிலை. போர்த்துக்கேயர் வந்த பின்னர் துப்பாக்கித் தொழிலைக் கற்றுக்கொண்ட சிங்களக் கொல்லர் அதில் மிக்க தேர்ச்சி பெற்றனர். கண்டி இராச்சியத்தில் அவர்கள் செய்த துப்பாக்கிகள் பலவற்றில் பூட்டு இடப்பக்கத்தில் அமைந்திருந்தது. ஐரோப்பியத் துப்பாக்கிகளிலோ அது வலப்பக்கத்திலிருந்தது. ஆகவே ஐரோப்பியரிடம் பறித்த நல்ல பூட்டு ஒன்று கையிலிருந்தாலும், அதனை எடுத்து அப்படியே கண்டித் துப்பாக்கியில் வைத்துவிட முடியாது.

பட்டறைத் தொல்லையாயிருந்தது, பெரும் படைகள் திரண்டு போர் செய்த 18ஆம் நூற்றாண்டில் அரசாங்கங்களின் தொல்லையாயிற்று. ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளோடு செல்லும் படையில் நூற்றுக்கணக்கானவை சிறுசிறு பழுதுகளால் வெறுங்கட்டைகளாகிவிடும். அவற்றை வண்டிகளில் ஏற்றிப் பின்னே அனுப்ப வேண்டும். பட்டறையிற் குவிந்து கிடக்கும் துப்பாக்கிகளுக்கு ஆண்டுக்கணக்கில் முறை வராது. பத்துத் துப்பாக்கிகளில் குழல் பழுது, வேறு பத்தில் பூட்டுப் பழுது என்றால், இருபதையும் கழற்றிப் பத்து நல்ல துப்பாக்கிகளைச் செய்துகொள்ளலாமே என்று படைத்தலைவர் ஒருவர் எண்ணினால், அது நடவாத காரியம்.

பிரான்சு தேசத்திலே ஒனரே பிளாங் என்பவர் இதற்கு முடிவு காண முற்பட்டார். துப்பாக்கித் தொழிலில் வளர்ந்தவர் அவர். அரசாங்க ஆயுதசாலைகளில் மேற்பார்வையாளராகக் கடமையாற்றியவர். பீரங்கிப்படைத் தலைவரான கிறிபோவால் அவருக்கு ஆதரவளித்தார். அச்சுக்களில் இட்டு உறுப்புகளை அடித்தல், வழிகாட்டும் சட்டங்களிற் பூட்டி அராவுதல், ஒவ்வொன்றையும் ஒரே மூல அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தல் ஆகியவை பிளாங் கையாண்ட முறைகள். வின்சென் கோட்டையிலிருந்த அவரது பட்டறைக்கு 1785ஆம் ஆண்டு ஒரு விருந்தினர் வந்தார். அவர் அப்போது அமெரிக்க ஐக்கிய நாட்டின் தூதுவராகப் பாரிஸில் இருந்த தோமஸ் ஜெபர்சன்.

ஜெபர்சன் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அரசியலறிஞர் மாத்திரமல்லர். பொறிகளிலும் கருவிகளிலும் தீராத ஆவல் கொண்டவர். பிளாங் அவர் முன்னே ஐம்பது பூட்டுகளின் உறுப்புகளை அறையறையாகப் பிரித்து வைத்தார். ஜெபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தாமே பல பூட்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். எல்லாம் செவ்வையாகப் பொருந்தின. அவ்வாண்டு ஓகஸ்ட் 30ஆம் நாள், வெளிநாட்டு விவகாரங்களைக் கவனித்து வந்த ஜோன் ஜேக்கு அவர் இதை விவரித்துக் கடிதம் எழுதினார். துப்பாக்கிகள் பழுதுபட்டுக் கிடக்கும் வேளையில் இதன் பயன் எத்தகையது என்பதை முதலில் குறித்தார். வழக்கமான விலையிலும் இரண்டு லிவர் குறைவாகவே இத்துப்பாக்கிகளைச் செய்யலாமெனப் பிளாங் கருதுவதையும் தெரிவித்தார். கொல்லர் அருகியும் கானகம் பெருகியும் இருந்த தம் நாட்டை அவர் மனத்தில் வைத்திருந்தார் என்று கொள்வதில் தவறில்லை.

பிளாங்கின் முயற்சி அவர் நாட்டில் வேரூன்றவில்லை. துப்பாக்கி வணிகரும் கொல்லரும் அதனை எதிர்த்தனர். அராவும் கைக்கு உரிய மதிப்பு போய்விடும் என்பதை அவர்கள் நன்குணர்ந்தனர். 1789இல் எழுந்த புரட்சியில் பழைய ஆதரவாளரின் செல்வாக்கும் மறைந்தது. பிளாங் 1801ஆம் ஆண்டு காலமானார். அவருக்குப் பின் அம்முறையும் கைவிடப்பட்டது.

அமெரிக்காவில் இக்கொள்கையைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் ஈலை விற்னி. பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் பொறியைக் கண்டு புகழும் வழக்குகளும் ஒருங்கே பெற்றிருந்த அவர், 1798 யூன் மாதத்தில் 10,000 துப்பாக்கிகளை 134,000 டொலருக்குச் செய்து தருவதாக அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1800 செப்டெம்பரில் எல்லாவற்றையும் ஒப்படைப்பதாக வாக்கு. அத்தவணைக்குள் ஒரு துப்பாக்கியேனும் வரவில்லை. 1801 சனவரியில் விற்னி வாஷிங்டன் நகரஞ் சென்று, பதவியிலிருந்து விலகவிருந்த ஜோன் அடம்ஸும் பதவியேற்கவிருந்த ஜெபர்சனும் பார்த்திருக்க, ஒரே துப்பாக்கியில் வெவ்வேறு பூட்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டினார். அவையோர் வியந்தனர், தவணையும் நீடிக்கப்பட்டது. கடைசித் துப்பாக்கி 1809 சனவரியிலேதான் வந்து சேர்ந்தது. மாற்றிப் பொருத்தத்தக்க உறுப்புகளைக் கண்டவர் விற்னியே என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. ஆயின் 1960ஆம் ஆண்டுக்குப் பின் ஆராய்ச்சியாளர் அவருடைய துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது, ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற் சேரவில்லை. அரத்தின் தழும்புகளும் அடையாளக் குறிகளும் உள்ளே அப்படியே இருந்தன. விற்னி திறமையாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் அன்று காட்டியது முன்னேற்பாடு செய்த காட்சி என்றே கொள்ளவேண்டியிருக்கிறது.

சனாதிபதியான ஜெபர்சன், மிசூரி ஆற்றின் தலைப்பையும் அதற்கப்பால் பசிபிக் சமுத்திரத்துக்குச் செல்லும் வழியையும் கண்டறிய மெரிவெதர் லூயிஸ் என்னும் இளம் படைத்தலைவரை அனுப்பினார். வில்லியம் கிளார்க் அவருக்குத் துணைத்தலைவர். துப்பாக்கிக் கொல்லனுக்கும் துப்பாக்கிக்கும் இடையிலான தூரம் என்பது யாது என இப்பயணம் காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது. 1803 மார்ச்சு மாதத்தில் லூயிஸ், போற்றோமாக், ஷெனந்தோவா ஆறுகள் கூடுமிடத்திலுள்ள ஹாப்பேர்ஸ் பெரி ஆயுதசாலைக்குச் சென்றார். அங்கிருந்து 15 துப்பாக்கிகளையும் அவற்றுக்கு வேண்டிய துணைப்பொருள்களையும் பெற்றுக்கொண்டார். மேலும் பூட்டுகளின் உதிரி உறுப்புகளும், ஆயுதம் திருத்தும் கருவிகளும் வேண்டுமென்று கேட்டு வாங்கினார். பிற்காலத்தில் குழுவில் சேர்ந்த ஜோன் ஷீல்ட்ஸ் என்பவர் இரும்புக் கொல்லரும் துப்பாக்கி திருத்துவதில் வல்லவருமாவர். துப்பாக்கியைக் கொல்லனிடம் அனுப்ப இயலாத நாட்டுக்குக் கொல்லனையே உடனழைத்துச் சென்றனர்.

1804 மே மாதம் 14ஆம் நாள் ஓடங்கள் புறப்பட்டன. முதற் குளிர்காலத்தை மண்டான் மக்களின் ஊர்களுக்கு அருகே கழித்தபோது, ஷீல்ட்ஸின் உலையில் அடித்த கோடரிகளைக் கொடுத்துச் சோளம் பெற்றே குழுவினர் உயிர் வாழ்ந்தனர். 1805 யூன் 10ஆம் நாள் லூயிஸின் காற்றுத் துப்பாக்கியின் பெருவில்லை ஷீல்ட்ஸ் புதுப்பித்தார். அவ்வாண்டு நவம்பரில் பசிபிக் கரையை அடைந்தனர். மழை ஓயாத அக்கரையில் கிளற்சொப் கோட்டை என்று பெயரிட்ட மரக்குடில்களில் இரண்டாம் குளிர்காலம் கழிந்தது. மாவும் சோளமும் இல்லை. வாணிகக் கப்பல் ஏதேனும் வருமென்று எதிர்பார்த்தும் ஒரு பாய்மரத்தையேனும் அவர்கள் காணவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்தில் 131 எல்க் மான்களைச் சுட்டனர் என்று குழுவினருள் ஒருவரான பற்றிக் காஸ் கணக்கு வைத்திருக்கிறார். முப்பதுக்கு மேற்பட்டோர் உயிர் சுமந்தது அத்துப்பாக்கிகளினாலேயே.

திரும்பும் பயணத்துக்கு மூன்று நாளே இருந்த 1806 மார்ச்சு 20ஆம் நாள், லூயிஸ் தம் குறிப்பேட்டில் எழுதியது கவனிக்கத்தக்கது. குழுவின் தலைசிறந்த வேடரான துறுயர் என்பவரின் துப்பாக்கியும், சார்ஜண்ட் பிறயரின் துப்பாக்கியும் பழுதுபட்டிருந்தன. முதலாவதன் பூட்டு பயனற்றுப் போனபடியால் புதிய பூட்டு வைக்கப்பட்டது. இரண்டாவதில் குதிரையைப் பிணைக்கும் திருகாணி முறிந்திருந்தது. அதற்கென்றே ஹாப்பேர்ஸ் பெரியில் செய்து கொண்டுவந்த இரட்டைத் திருகாணி அவ்விடத்தில் இடப்பட்டது. உதிரிப் பூட்டுகளைக் கொண்டுவந்த முன்யோசனையும் ஷீல்ட்ஸின் சாமர்த்தியமும் இல்லாதிருந்தால் பெரும்பாலான துப்பாக்கிகள் அந்நேரம் வழங்காப் பொருளாயிருக்கும் என்றும், நல்வினையாக எல்லாம் செவ்வையாயிருக்கின்றன என்றும் லூயிஸ் எழுதியுள்ளார். ஒரு திருகாணி கூட அப்பூட்டுக்கென்று முன்னரே செய்துவைக்கப்பட வேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது. ஆயுதசாலையோ ஒரு கண்டத்துக்கு அப்பால் இருந்தது. அக்குழுவினர் அவ்வாண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் சென் லூயி நகருக்குத் திரும்பினர். ஷீல்ட்ஸ் அதன் பின் மூன்றாண்டே வாழ்ந்தார்.

பெரும்படைக்கு ஷீல்ட்ஸ் போன்றோர் எத்தனை பேரைத் தேடுவது? 1812இல் இங்கிலாந்தோடு மூண்ட போர் முடிந்தபோது பழுதடைந்த துப்பாக்கிகள் மலைபோற் குவிந்தன. 1815ஆம் ஆண்டு ஆயுதப் பகுதித் தலைவர் வட்ஸ்வேர்த், அரசாங்க ஆயுதசாலைகளின் அதிபரை நியூ ஹேவன் நகருக்கு அழைத்து, எல்லாத் துப்பாக்கிகளும் ஒரே அளவில் அமைதல் வேண்டுமெனத் திட்டஞ் செய்தார். அதை உண்மையிற் செய்து காட்டியவர் ஜோன் ஹோல். 1811இல் பின்புறத்தால் குண்டிடும் துப்பாக்கிக்கு உரிமை பெற்ற அவர், 1819இல் ஹாப்பேர்ஸ் பெரியில் 1,000 துப்பாக்கிகள் செய்ய உடன்பட்டார். அவற்றை முடிக்க அவருக்கு ஐந்தாண்டுக்கு மேற் சென்றது. துப்பாக்கி செய்யும் முன்னர் துப்பாக்கி செய்யும் இயந்திரங்களை அவர் செய்ய வேண்டியிருந்தமையே காரணம். அறுபதுக்கு மேற்பட்ட அளவுகருவிகளைச் செய்து, ஒவ்வோர் உறுப்பும் அவற்றில் ஒத்துவந்தாலன்றி ஏற்கவில்லை. அரசாங்கத்தார் பொறுமையிழந்து, 1826ஆம் ஆண்டிறுதியில் மூவரைப் பரிசோதனைக்கு அனுப்பினர். அவர்கள் 100 துப்பாக்கிகளைக் கழற்றி உறுப்புகளை ஒன்றாகக் கலந்து, புதிய கட்டைகளில் மீண்டும் பூட்டிப் பார்த்தனர். நூறும் பொருந்தின.

ஹோலின் துப்பாக்கியையே கனெற்றிகற் மாகாணத்து மிடில்ரவுனில் சிமியன் நோர்த் என்பவரும் செய்தார். 1834இல், இருவேறு மாகாணங்களிலுள்ள இவ்விரு தொழிற்சாலைகளிலும் பிறந்த உறுப்புகள் தம்முள் மாறிப் பொருந்தின. அதுவே பெரிய காரியம். பின்னர் 1854இல் ஆங்கில அரசாங்கம் அனுப்பிய குழுவினர் ஸ்பிரிங்பீல்ட் ஆயுதசாலைக்குச் சென்று, 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளை எடுத்துக் கலைத்துப் பூட்டிப் பார்த்துத் தெளிந்தனர். அமெரிக்க இயந்திரங்களை வாங்கி என்பீல்ட் தொழிற்சாலையில் நிறுவினர்.

இவ்வாறு துப்பாக்கி கப்பலேறுவது நின்று, ஒரு சிறு பொதியில் வில்லோ திருகாணியோ செல்லும் காலம் வந்தது. ஆயின் அரம் பிடித்த கைகள் என்னவாயின என்பதையும் சொல்லாமல் விடுவது முறையன்று. ஹாப்பேர்ஸ் பெரித் தொழிலாளர் தம் வேலையைக் கலையென்று மதித்தவர்கள். வேண்டும்போது வந்து, வேண்டும்போது சென்று, வேலையின் எண்ணிக்கைக்குக் கூலி பெற்றவர்கள். ஹோலின் இயந்திரங்களைச் சிறுவரும் இயக்கினர். 1829இல் அதிபராக வந்த தோமஸ் டன் கடுமையான ஒழுங்குகளை விதித்தார். சில மாதங்களுக்குள், 1830 சனவரி 29ஆம் நாள், வேலையிழந்த தொழிலாளி ஒருவன் அவரை அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றான். அவன் தூக்கிலிடப்பட்டான். எனினும் தொழிலாளர் பலர் நெடுநாள் அவன் பெயரை மதிப்போடு சொல்லி வந்தனர் என்பர்.

பின்னர் ஆயுதசாலை படை அதிகாரிகளின் ஆளுகைக்குள் வந்தது. சுவரில் மணிக்கூடு மாட்டப்பட்டது. அதன்படி வர வேண்டும், அதன்படி போக வேண்டும். 1842ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொழிலாளர் வேலையை நிறுத்தி, ஓர் ஓடத்தை வாடகைக்கு அமர்த்தி, கால்வாய் வழியே வாஷிங்டனுக்குச் சென்று சனாதிபதி ரைலரிடம் முறையிட்டனர். தாம் இயந்திரங்களுக்கு அடிமைகளாக்கப்படுகின்றனர் என்பது அவர்களது முறையீடு. சனாதிபதி அவர்கள் உழைப்பைப் புகழ்ந்து, அன்போடு பேசி, ஊருக்குத் திரும்பி வேலையைத் தொடருமாறு சொல்லி அனுப்பினார். அவர்கள் அதே கால்வாய் வழியே திரும்பிவந்து, மணிக்கூட்டின் கீழே தத்தம் இடத்தில் நின்றனர். எல்லா உறுப்பும் எல்லாத் துப்பாக்கியிலும் பொருந்தும்படி இரு அரசாங்க ஆயுதசாலைகளும் முதன்முறையாகச் செய்த காலாட்படைத் துப்பாக்கி, அந்த 1842ஆம் ஆண்டின் பெயரையே தாங்கியது.